துண்டின் பின்பக்கம்

ஏழு மாதமாக வரவில்லை.
கலண்டரில் நான் போடும் சிவப்புப் புள்ளடி
ஆவணியோடு நின்றுபோனது.

பங்குனியில் ஒரு செவ்வாய்,
திருக்கடலூர் மீன்பிடிச் சங்கத்தில்
ஐஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
சட்டையின் இடப்பக்கம் நனைந்தது.
ஐஸ் தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.
பிறகு மணந்து பார்த்தேன்.

வயது முப்பத்தாறு.
பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பமும்
கிளினிக் கொப்பி என்ற சொல்லைக் கேட்டதும்
தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பின.
பிறகு யாருக்கு இந்தப் பால்?

அக்கா பவளராணி கதவைச் சாத்தினாள்.
"உண்மையைச் சொல்லு."
சொன்னேன்: காலையில் ஒன்று, இரவில் இரண்டு,
நாலு வருடமாக ஒருநாளும் தவறவிடவில்லை.
"நான் அதைக் கேக்கேல்ல."
பார்மசியில் சோதனைப் பட்டி வாங்கிவந்து
குளியலறை வாசலில் காவல் நின்றாள்.
ஒரு கோடு.
அவள் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
மற்றக் கோட்டைத் தேடினாள்.
இல்லையென்று ஆனதும் அழுதாள்,
நிம்மதியிலா, வேறெதிலா,
எனக்குத் தெரியாது.

வியாழன் கிளினிக்.
என் இலக்கம் நூற்றுப் பதினெட்டு.
வாங்கில் பக்கத்தில் ஈச்சிலம்பற்றுப் பெடியன்,
இரண்டு காலும் நிலத்தை மிதித்தபடி.
"நான் ஆட்டேல்ல அக்கா,
குளிசைதான் ஆட்டுது."
நானும் என் பங்குக்குச் சொன்னேன்:
சட்டையை மூன்று தரம் பிரித்துத் தைத்தாயிற்று.
மற்றதைச் சொல்லவில்லை.

டொக்டர் ஃபஸ்மினா மருந்துத் துண்டைத் திருப்பிப்போட்டு
பின்பக்கத்தில் ஒரு தலை வரைந்தார்.
தலைக்கு அடியில் ஒரு கடலை.
"கபச்சுரப்பி. பாலுக்கான ஓமோன் இங்கயிருந்துதான் போகும்.
டோபமின் பக்கத்தில நிண்டு
'பொறு, இப்ப வேண்டாம்' எண்டு
ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.
உங்கட குளிசை டோபமினின்ர வாயைப் பொத்துது.
குரல் கேக்கிற இடத்தில பொத்தச் சொல்லித்தான் தந்தனாங்கள்.
அது இஞ்சயும் வந்து பொத்துது.
பாவம், அதுக்கு விலாசம் வாசிக்கத் தெரியாது."
புரோலக்டின் நூற்று நாற்பது என்று எழுதி
இரண்டு கோடு இழுத்தார்.
இருபத்தைந்தைத் தாண்டக் கூடாதாம்.
அது ஏறினால் மாதவிலக்கு நிற்குமாம்.
நெடுக இருந்தால் எலும்பும் தேயுமாம்.

குரல்.
அதைப்பற்றியும் சொல்லவேண்டும்.
சந்தியில் இருந்த சோதனைச் சாவடியைப் பிடுங்கி
அந்த இடத்தில் தொலைபேசிக் கடை வந்த பிறகும்
எனக்குள் மட்டும் பிடுங்கவில்லை.
குளிக்கும்போது, சோறு போடும்போது,
"அட்டையை எடு" என்று கேட்டது.
எட்டு வருடம்
அடையாள அட்டையோடு படுத்தேன்.
இந்தக் குளிசைதான் அதைத் துரத்தியது.
அதனால் பால் என்றாலும்
கோபிக்க மனம் வரவில்லை.

"வேற ஒண்டு இருக்கு" என்றார்.
"இது வாயைப் பொத்தாது, அரைவாசி பேச விடும்.
மெல்ல மெல்ல மாத்துவம்.
குரல் வந்தால் உடன சொல்லவேணும், என்ன?"
தலையாட்டினேன்.

பஸ் நிலையத்தில் மான்கள்
வாழைப்பழத் தோலுக்கு நின்றன.
ஒரு குட்டி
தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தது.
நான் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
உப்புவெளி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பழைய குளிசை பாதியானது, பிறகு காலானது.
பால் நிற்கப்போகிறதென்று தெரிந்த ஓர் இரவு
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
இனித்தது.
யாரிடமும் சொல்லவில்லை,
இதை வாசிப்பவர்களைத் தவிர.

வைகாசி பத்தொன்பது, விடியப்புறம்,
அடிவயிறு பிடித்து இழுத்தது.
எழும்பி விளக்கைப் போட்டேன்.
படுக்கை விரிப்பில் ஒரு சதமளவு சிவப்பு.
துறைமுகத்தில் கப்பலொன்று ஊதி ஓய்ந்தது.
அது ஓய்ந்த இடத்திலிருந்து,
மிகத் தூரத்தில், தொண்டை கட்டியதுபோல்:
"அட்டை?"

இலக்கம் எடுத்துக்கொண்டு இரு, என்றேன்.
உனக்கு முன்னால் நூற்றுப் பதினேழு பேர்.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.
"என்னடி, ஆரோட கதைக்கிறாய்?"
"வந்திட்டுது" என்றேன்.
அவள் விரிப்பைப் பார்த்தாள்,
கையெடுத்துக் கும்பிட்டாள்,
எது என்று கேட்கவில்லை.